‘4ஜி மட்டும்’ எங்கே போனது? நெட்வேர்க் அமைப்பு கைநழுவிய போன்களுக்கு ஒரு வழிமுறை

போன மாரிகாலத்தில் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மாவின் போனை நான் 4ஜியில் மட்டும் நிற்கும்படி பூட்டிவிட்டேன். கனடாவில் இருக்கும் தங்கையோடு பின்னேரம் வாட்ஸ்அப்பில் கதைக்கும்போது படம் உறைந்து உறைந்து நின்றது. போன் 4ஜியிலிருந்து கீழே இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. பூட்டியதும் படம் தெளிவாக வந்தது, அம்மாவுக்கும் சந்தோசம். ஆனால் அடுத்த இரண்டு நாளும் அவருக்கு ஒரு அழைப்புக்கூட வரவில்லை. மூன்றாம் நாள் காலை மூதூரிலிருந்து பெரியம்மா பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். “எத்தனை தரம் எடுக்கிறது? போன் போகுதே இல்ல. என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன் பிள்ளை” என்றார்.

பெரியம்மா வந்து நின்ற அந்தக் காலையிலிருந்துதான் இந்த விசயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். பிறகு அயலவர், உறவினர் என்று பலருடைய போன்களையும் பார்த்துக் கொடுத்தேன். எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: “முந்தி நானே மாத்துவன், இப்ப மாத்த ஏலாமல் கிடக்கு.” அறிகுறியைப் பார்த்து வழி தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிட்டுப் போங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

நெட்வேர்க் மெனுவில் ஒரு தெரிவு மறைந்துபோனால் பெரும்பாலும் போனில் பழுது இல்லை. யாரோ அதை எடுத்துவிட்டார்கள். யார் எடுத்தது என்று தெரியாமல் ஃபக்டரி ரீசெட் செய்தால் படங்களும் தொடர்பு எண்களும்தான் போகும், தெரிவு திரும்பி வராது.

அண்ட்ரொய்ட் 12 இலிருந்து, அதாவது 2021 முதல், ஒரு போன் எந்தெந்த நெட்வேர்க்கைப் பிடிக்கலாம் என்பதை நான்கு கைகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. செட்டிங்ஸில் நீங்கள் தொட்டுத் தெரிவுசெய்வது ஒன்று. பற்றரி சேமிப்பு இன்னொன்று. மூன்றாவது சிம் நிறுவனம். நான்காவது, 2ஜியை விடுவதா வேண்டாமா என்று கேட்கும் தனிச் சுவிட்ச். நான்கும் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கின்றன. நான்கு பட்டியலிலும் இருக்கும் நெட்வேர்க்தான் கடைசியில் வேலை செய்யும். நீங்கள் ஆம் என்றாலும் மற்ற மூன்றில் ஒன்று இல்லை என்றால் இல்லைதான்.

உங்கள் பட்டியலைத் திரையில் காட்டுவதா இல்லையா என்பதுகூட உங்கள் கையில் இல்லை. அண்ட்ரொய்ட் 6 இலிருந்து ஒவ்வொரு சிம் நிறுவனத்துக்கும் ஒரு அமைப்புக் கோப்பு இருக்கிறது. சிம்மைப் போட்டவுடன் போன் அதில் உள்ள நாட்டு எண்ணையும் நிறுவன எண்ணையும் பார்க்கும். இலங்கைக்கு 413. அதற்குப் பின்னால் மொபிட்டெலுக்கு 01, டயலொக்குக்கு 02, ஹட்சுக்கு 08. அந்த எண்ணுக்குரிய கோப்பில் ‘நெட்வேர்க் தெரிவு மெனுவை மறை’ என்ற வரி இருந்தால் மெனு மறையும். ஒரே மாடல் போன் இரண்டு பேரிடம் இரண்டு விதமான மெனுவைக் காட்டுவது இதனால்தான்.

சரி, இப்போது ஒரு சின்ன வேலை. மாற்றம் செய்யப் போகும் ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். எதில் இருந்தது என்று பிறகு ஞாபகம் வராது. நான் எடுக்காமல் விட்டதால்தான் அம்மாவின் போனைத் திரும்பச் சரிசெய்ய அரை நாள் போனது.

“மெனுவில் இருந்த தெரிவைக் காணவில்லை”

அண்ட்ரொய்டில் செட்டிங்ஸுக்குள் போய் மொபைல் நெட்வேர்க் பகுதியைத் திறவுங்கள். சாம்சுங்கில் அது ‘கனெக்‌ஷன்ஸ்’ என்பதற்குள் இருக்கும், தெரிவின் பெயர் ‘நெட்வேர்க் மோட்’. மற்றவற்றில் பெரும்பாலும் ‘பிரிஃபேர்ட் நெட்வேர்க் டைப்’. இரண்டு சிம் இருந்தால் எந்தச் சிம்முக்கான பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பழைய இரட்டைச் சிம் போன்கள் பலவற்றில் டேட்டாவுக்குத் தெரிவுசெய்த சிம்முக்கு மட்டும்தான் 4ஜி கிடைக்கும், மற்றச் சிம்முக்கு 3ஜி அல்லது 2ஜிதான். “போன மாசம் 4ஜி இருந்தது, இப்ப இல்லை” என்று தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு அண்ணாவின் போனில் இதுதான் நடந்திருந்தது. ரீலோட் மலிவு என்று டேட்டாவை மற்றச் சிம்முக்கு மாற்றியிருந்தார். திரும்ப மாற்றியதும் தெரிவு வந்துவிட்டது.

அதுவும் இல்லையென்றால் சிம்மை மாற்றிப் பாருங்கள். இந்த வழிமுறையிலேயே மிகவும் பயன்படும் சோதனை இதுதான், காசும் போகாது. வீட்டில் வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவரிடம் ஐந்து நிமிடத்துக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். போட்டு, போனை நிறுத்தி மறுபடி தொடங்கி, அதே மெனுவைத் திறவுங்கள். தெரிவு தோன்றினால் அதை மறைத்தது உங்கள் சிம் நிறுவனத்தின் கோப்பு. தோன்றாவிட்டால் போன் தயாரித்தவர்கள் எடுத்திருக்கிறார்கள். சொவ்ட்வெயார் அப்டேட் வந்த அன்றிரவே காணாமல் போயிருந்தால் இன்னும் நிச்சயம்.

‘4ஜி மட்டும்’ என்ற தெரிவு பெரும்பாலான போன்களின் சாதாரண மெனுவில் எப்போதுமே இருந்ததில்லை. சாம்சுங்கில் எல்டிஈ (அதாவது 4ஜி), 3ஜி, 2ஜி மூன்றும் சேர்ந்த தானியங்கித் தெரிவு இருக்கும். 3ஜி மட்டும், 2ஜி மட்டும் என்றும் இருக்கும். எல்டிஈ மட்டும் என்று இராது. அப்படியென்றால் நாம் பாவித்தது எது? டயல் செய்யும் திரையில் *#*#4636#*#* என்று அடித்தால் திறக்கும் சோதனை மெனு. 4636 என்பது விசைப்பலகையில் ‘இன்ஃபோ’ என்ற ஆங்கிலச் சொல்லின் நாலு எழுத்து. பழுது பார்ப்பவர்கள் தகவல் பார்ப்பதற்காக வைத்த திரை அது. அதில் ‘போன் இன்ஃபர்மேஷன்’ என்பதைத் தொட்டு, கீழே போய், நெட்வேர்க் வகையைத் தெரிவுசெய்யும் பெட்டியைத் திறந்தால் நீண்ட பட்டியல் வரும். அதில் எல்டிஈ ஒன்லி, என்ஆர் ஒன்லி, டபிள்யூசிடிஎம்ஏ ஒன்லி, ஜிஎஸ்எம் ஒன்லி எல்லாம் இருக்கும். எல்டிஈ என்பது 4ஜி, என்ஆர் 5ஜி, டபிள்யூசிடிஎம்ஏ 3ஜி, ஜிஎஸ்எம் 2ஜி.

இன்று பல சாம்சுங் மாடல்களில் இந்த எண் திறப்பதே இல்லை. சில போன்களில் திறக்கும், ஆனால் தெரிவு பிடிக்காது. பிளே ஸ்டோரில் ‘4ஜி ஒன்லி’ என்று கிடைக்கும் செயலிகள் இந்தத் திரையைத் திறக்கும் கதவு மட்டும்தான். திரையே பூட்டியிருந்தால் செயலியாலும் திறக்க முடியாது. அப்படியொரு செயலி உங்கள் தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் பார்க்க அனுமதி கேட்டால் உடனே அழித்துவிடுங்கள், இந்த வேலைக்கு அவை தேவையே இல்லை.

‘என்ஆர் ஒன்லி’யைத் தொட வேண்டாம். 4ஜியின் துணையோடு ஓடும் 5ஜி நெட்வேர்க்கில் அதைத் தெரிந்தால் சிக்னலே போய்விடும்.

கடைகளில் “சொவ்ட்வெயார் அடிச்சுத் திறந்து தாறம்” என்று சொல்வார்கள். நல்ல தொழில்தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் சாம்சுங்கில் பூட்லோடரை, அதாவது போனைத் தொடக்கிவைக்கும் சொவ்ட்வெயாரின் பூட்டை, திறந்து வேறு சொவ்ட்வெயார் போட்டால் நொக்ஸ் என்ற பாதுகாப்பு நிரந்தரமாக உடைந்துவிடும். பிறகு பழைய சொவ்ட்வெயாரைத் திரும்பப் போட்டாலும் அந்தரங்கக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்கியூர் ஃபோல்டர் வேலை செய்யாது. பல வங்கிச் செயலிகளும் அப்படிப்பட்ட போனில் ஓட மறுக்கும். ஒரு மெனுத் தெரிவுக்காக இவ்வளவையும் இழக்க வேண்டாம் என்பது என் கருத்து.

“4ஜியில் பூட்டினேன், கோல் வருவதில்லை”

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். 2ஜியிலும் 3ஜியிலும் குரலுக்கென்று தனி வழி உண்டு. 4ஜியில் இல்லை. அது முழுக்க டேட்டாவுக்காகக் கட்டப்பட்டது. 4ஜியில் இருக்கும் போனுக்கு அழைப்பு வந்தால் இரண்டு வழிதான். ஒன்று வோல்ட்டி: குரலையும் டேட்டாவாக்கி 4ஜியிலேயே அனுப்புவது. இன்னொன்று, அந்த அழைப்புக்காகப் போன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி, கதைத்து முடித்து, மறுபடி ஏறுவது. வோல்ட்டி இல்லாத போனை 4ஜியில் பூட்டினால் இறங்கும் ஏணியை நாமே எடுத்துவிடுகிறோம். திரையில் சிக்னல் முழுதாக நிற்கும், வாட்ஸ்அப் ஓடும், ஆனால் வெளியிலிருந்து எடுப்பவர்களுக்குத் தொடர்பு கிடைக்காது. போனை வைத்திருப்பவருக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரியவே தெரியாது. இதில் எனக்கு இன்னும் வருத்தம் தருவதும் அதுதான்.

நிறுவனங்கள் இந்தத் தெரிவை மறைப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம். தெரியாமல் பூட்டியவர் அவசரத்தில் 1990 அம்புலன்ஸையோ 119 ஐயோ எடுக்க முடியாமல் தவிக்கக் கூடாது. ஆனால் மறைப்பதற்குப் பதில், தெரிவைத் தொடும்போது ‘உங்கள் எண்ணுக்கு வோல்ட்டி இல்லை, அழைப்புகள் வராது’ என்று ஒரு வரி எச்சரித்திருந்தால் எங்கள் பெரியம்மா மாரி வெள்ளத்தில் பஸ் ஏறி வந்திருக்க வேண்டாம். எச்சரிப்பதும் பறிப்பதும் ஒன்றல்ல.

உங்கள் போனில் வோல்ட்டி உண்டா என்று பார்க்க, முதலில் தானியங்கித் தெரிவில் விடுங்கள். யாருக்காவது அழைப்பெடுத்து, மணி அடிக்கும்போது திரையின் மேற்பக்கத்தைப் பாருங்கள். 4ஜி அடையாளம் அப்படியே நின்றால், அல்லது வோல்ட்டி என்ற அடையாளம் தோன்றினால் நல்லது. அது ஆங்கில எச் அல்லது ஈ எழுத்தாக மாறினால், அல்லது 3ஜி என்று வந்தால் உங்கள் குரல் கீழே இறங்கித்தான் போகிறது. 4636 மெனு திறக்கும் போனில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்: ‘ஐஎம்எஸ் சேர்விஸ் ஸ்டேட்டஸ்’ என்பதைத் தொட்டால் வோல்ட்டி கிடைக்கிறதா இல்லையா என்று எழுதியே இருக்கும்.

வோல்ட்டி இல்லையென்று தெரிந்தால் மொபைல் நெட்வேர்க் பக்கத்தில் ‘வோல்ட்டி கோல்ஸ்’ அல்லது ‘4ஜி கோலிங்’ என்ற சுவிட்ச் அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சே இல்லையென்றால் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு எடுத்து இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: என் எண்ணுக்கு வோல்ட்டி திறந்திருக்கிறதா? என் போன் மாடலுக்கு உங்கள் நெட்வேர்க்கில் வோல்ட்டி ஆதரவு உண்டா? இரண்டுக்கும் ஆம் வந்தால்தான் 4ஜியில் பூட்டுவதை யோசிக்கலாம். பூட்டிய பின் ஒருவரை உங்களுக்கு எடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் ஒருவருக்கு எடுங்கள், ஒரு குறுஞ்செய்தி வரவழைத்துப் பாருங்கள். வங்கிக் குறியீடு வராமல் நிற்பது கடை வாசலில் தெரியவந்தால் பெரும் சங்கடம்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், வோல்ட்டி இருந்தாலும் பூட்ட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

“மாற்றி வைத்தேன், தானாகவே பழையபடி வந்துவிட்டது”

4636 மெனுவில் செய்த மாற்றம் நிரந்தரமல்ல. போனை நிறுத்தித் தொடங்கினால், சிம்மைக் கழற்றினால், அப்டேட் வந்தால் பல போன்களில் அழிந்துவிடும். விமான மோடைப் போட்டு எடுத்தாலே அழிகிற போன்களும் உண்டு. ஒவ்வொரு நாளும் அந்தத் திரையைத் தேடிப் போவதை விட, உண்மையில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசியுங்கள்.

பலருக்கு வேண்டியது ‘4ஜி மட்டும்’ அல்ல. போன் 2ஜிக்கு இறங்கி அங்கேயே குந்திக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு நிலையான வழி ஒன்று இருக்கிறது. அண்ட்ரொய்ட் 12 உம் அதற்கு மேலும் உள்ள பல போன்களில் சிம் பக்கத்தின் அடியில் ‘எலவ் 2ஜி’ என்ற சுவிட்ச் இருக்கும், சில புதிய போன்களில் ‘2ஜி பாதுகாப்பு’ என்று பெயர் மாறியிருக்கும். நான்கு கைகளில் நான்காவது என்று சொன்னது இதைத்தான். 2ஜியை நிறுத்தினால், போனை அணைத்துப் போட்டாலும் நிறுத்தியபடியே நிற்கும். அவசர அழைப்புக்கு மட்டும் 2ஜியைப் பாவிக்கும்.

இந்தச் சுவிட்ச் வந்ததே பாதுகாப்புக்காக. 2ஜியில் நெட்வேர்க் போனைச் சோதிக்கும், போன் நெட்வேர்க்கைச் சோதிக்காது. பொய்யான டவர் ஒன்றை வைத்து அருகில் உள்ள போன்களை 2ஜிக்கு இழுத்து மோசடிக் குறுஞ்செய்தி அனுப்ப முடிவது அந்த ஓட்டையால்தான். நகரத்துக்குள் இருப்பவர்கள், வோல்ட்டி உள்ளவர்கள், 2ஜியை நிறுத்திவைப்பது நல்லது.

கடலுக்குப் போகிறவர்கள் நிறுத்த வேண்டாம். திருக்கடலூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வள்ளம் தள்ளுகிறவர்களுக்குக் கரையிலிருந்து விலக விலக முதலில் விடுவது உயர்ந்த அலைவரிசையில் வரும் 4ஜி. 900 மெகாஹேர்ட்ஸ் 2ஜி இன்னும் கொஞ்சத் தூரம் கூட வரும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. டவரிலிருந்து போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும் முறையால் சாதாரண 2ஜி டவர் ஏறக்குறைய 35 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள போனை ஏற்றுக்கொள்ளாது. அந்த எல்லைக்குள் ஒரு கோல் போகும் என்ற நம்பிக்கையை ஒரு சுவிட்சால் இழக்கக் கூடாது. போன் வேலை செய்தாலும் ஆழ்கடலுக்கு அது போதாது, வானொலிக் கருவி கட்டாயம் வேண்டும்.

“தெரிவு இருக்கிறது, சாம்பல் நிறத்தில் கிடக்கிறது”

இது பெரும்பாலும் சின்ன விசயம். விமான மோட் போட்டிருக்கிறதா, அழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பற்றரி சேமிப்பு பல போன்களில் 5ஜியை அணைத்துவிடும், அதை நிறுத்தினால் திரும்பி வரும். போனில் இரண்டாவது பாவனையாளர் கணக்கு இருந்தால், அந்தக் கணக்கிலிருந்து மொபைல் நெட்வேர்க்கை மாற்ற அண்ட்ரொய்ட் விடாது. பிள்ளைக்கென்று தனிக் கணக்கு போட்டுக் கொடுத்த வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் கணக்குக்கு மாறுங்கள்.

அலுவலகம் கொடுத்த போன் என்றால் நிர்வாகி தடுத்திருக்கிறார் என்று ஒரு வரி வரும். அலுவலகத்தில் கேட்பதுதான் வழி.

அண்ட்ரொய்ட் 16 இல் ‘எட்வான்ஸ்ட் புரொடெக்‌ஷன்’ என்ற உயர் பாதுகாப்பைப் போட்டவர்களுக்கு 2ஜி சுவிட்ச் பூட்டியே இருக்கும். அந்தப் பாதுகாப்பு தேவையென்று நீங்களே போட்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

“3ஜியைத் தெரிந்தால் சிக்னலே இல்லை”

பின்னேரங்களில் 4ஜியில் கூட்டம், 3ஜியில் காற்றாடும் என்று ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் 3ஜிக்கு மாற்றிப் பாவித்தோம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் காலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. அந்த வழி மூடிக்கொண்டு வருகிறது. உலகம் முழுக்க நிறுவனங்கள் 3ஜியை நிறுத்தி அந்த அலைவரிசையை 4ஜிக்கும் 5ஜிக்கும் கொடுக்கின்றன. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022 ஆம் ஆண்டோடு 3ஜியை நிறுத்திவிட்டன. போன் தயாரிப்பவர்களும் அதற்கேற்ப மெனுவைச் சுருக்குகிறார்கள்.

‘3ஜி மட்டும்’ போட்டுச் சிக்னல் வரவில்லையென்றால் உடனே தானியங்கிக்குத் திரும்புங்கள். ஓரிடத்தில் இல்லாத நெட்வேர்க்கைத் தேடித் தேடிப் போன் சூடாகும், பற்றரி இறங்கும்.

4ஜித் தெரிவு இருந்தும் 4ஜி ஒருபோதும் வராமல் 3ஜி, 2ஜியிலேயே நின்றால் சிம்மைச் சந்தேகியுங்கள். பத்துப் பதினைந்து வருசத்துக்கு முந்திய 2ஜி சிம் 4ஜியில் பதிவாகாது. அடையாள அட்டையோடு நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போய் அதே எண்ணுக்குப் புதுச் சிம் கேளுங்கள்.

“நிறுவனத்தைக் கையால் தெரிந்தேன், இப்போது சேவை இல்லை”

‘நெட்வேர்க் ஒபரேட்டர்ஸ்’ என்ற மெனுவில் தானியங்கியை எடுத்துவிட்டுத் தேடினால், சுற்றியுள்ள எல்லா நிறுவனமும் பட்டியலில் வரும். அடுத்தவர் டவர் பலமாக இருக்கிறது என்று அதைத் தொட்டால் ஏறாது, உங்கள் சிம்மை அந்த நெட்வேர்க் மறுத்துவிடும். பட்டியலில் காட்டுவது சுற்றிவரக் காற்றில் இருப்பதை. உங்களுக்கு அனுமதி உள்ளதை அல்ல.

சென்னைக்கோ திருச்சிக்கோ போய் அங்கே ஒரு நிறுவனத்தைக் கையால் தெரிந்தவர்கள் திரும்பி வந்து “சிம் செத்துப்போச்சு” என்று வருவார்கள். போன் இன்னும் இந்திய நெட்வேர்க்கைத் தேடிக்கொண்டிருக்கும். தானியங்கியைப் போட்டு, போனை ஒருதரம் நிறுத்தித் தொடங்கினால் போதும்.

“ஏபிஎன்னைத் திருத்த முடியவில்லை”

சிக்னல் இருக்கிறது, கோல் போகிறது, டேட்டா மட்டும் இல்லை. ஏபிஎன், அதாவது போனை நிறுவனத்தின் இணையத்தோடு இணைக்கும் அமைப்பு, அதன் பக்கத்தைத் திறந்தால் விபரங்கள் பூட்டிக் கிடக்கின்றன. இதுவும் சிம் நிறுவனக் கோப்பின் வேலைதான். ஏற்கெனவே உள்ளதைத் திருத்த விடாவிட்டாலும் சில போன்களில் மேலே உள்ள கூட்டல் அடையாளத்தைத் தொட்டுப் புதிதாக ஒன்று சேர்க்கலாம். முதலில் மூன்று புள்ளியைத் தொட்டு ‘ரீசெட் டு டிஃபோல்ட்’ கொடுத்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் உதவி எண்ணுக்கு எடுத்து, இணைய அமைப்பைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். யாரோ சொன்ன ஏபிஎன்னை அடிக்க வேண்டாம். முற்கொடுப்பனவுக்கும் பிற்கொடுப்பனவுக்கும் அது வேறுபடலாம்.

“வெளிநாட்டிலிருந்து வந்த போன்”

எங்கள் ஊரில் பாதிப் போன் கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்ததுதான். அங்கே ஒரு நிறுவனம் தவணைக்கு விற்ற போனில் அந்த நிறுவனத்தின் சொவ்ட்வெயார்தான் இருக்கும். நம் சிம்மைப் போட்டாலும் சில மெனுக்கள் அந்த நிறுவனம் மறைத்தபடியே நிற்கும். அமெரிக்க நிறுவனங்கள் விற்ற மாடல்களில் இது அதிகம். அத்தோடு வோல்ட்டி போன் தயாரிப்பாளரும் சிம் நிறுவனமும் சேர்ந்து சோதித்துத் திறக்க வேண்டியது. இலங்கையில் விற்காத மாடலில் நம் சிம்முக்கு அது திறக்காமலே இருக்கலாம். கூகிள் பிக்சல் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்.

அதனால் உறவினர் அனுப்புவதாகச் சொல்லும்போதே, நிறுவனப் பூட்டு இல்லாத, பொதுவான மாடலாக வாங்கச் சொல்லுங்கள். பாவித்த போன் வாங்குகிறீர்கள் என்றால் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை (போனின் அடையாள எண்), முன்னால் ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் அடித்து ஒரு இடைவெளி விட்டு, 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும்.

ஐபோன்காரர்களுக்கு

ஐபோனில் ‘4ஜி மட்டும்’ எந்த வழியிலும் இல்லை. செலுலர் பகுதிக்குள் ‘வொய்ஸ் அன்ட் டேட்டா’ என்பதைத் திறந்தால் சிம் நிறுவனம் அனுமதித்த தெரிவுகள் மட்டும் தெரியும். எல்டிஈயைத் தெரிவுசெய்தாலும் தேவைப்பட்டால் கீழே இறங்கும். ‘5ஜி ஓட்டோ’ என்றால், 5ஜியால் பெரிய வேக வித்தியாசம் இல்லாதபோது போன் தானே 4ஜிக்கு வந்து பற்றரியைக் காப்பாற்றும். லொக்டவுன் மோட் என்ற உயர் பாதுகாப்பைப் போட்டவர்களுக்கு ஐஓஎஸ் 17 இலிருந்து 2ஜி நின்றுவிடும்.

தெரிவு திடீரென்று மறைந்தால் செட்டிங்ஸில் ‘ஜெனரல்’, அதற்குள் ‘அபவுட்’ பக்கத்தைத் திறந்து ஒரு நிமிடம் காத்திருங்கள். நிறுவன அமைப்பில் அப்டேட் இருந்தால் ஒரு பெட்டி தோன்றிக் கேட்கும். நெட்வேர்க் ரீசெட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது வைஃபை கடவுச்சொற்களையும் சேர்த்து அழித்துவிடும்.

எதுவும் செய்ய முடியவில்லை, டேட்டா மெதுவாகவே இருக்கிறது

நெட்வேர்க் வகையைத் தவிர வேறு காரணம் இருக்கலாம். சிக்னல் பலவீனமா, டவரில் கூட்டமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சாம்சுங்கில் *#0011#, ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானைத் தொட்டால் ஒரு தொழில்நுட்பத் திரை வரும். 4ஜிக்கு ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள், சிக்னலின் பலத்தைக் காட்டுவது அதுதான். அது கழித்தல் அடையாளத்தோடு இருக்கும். -80 அளவில் இருந்தால் நல்ல சிக்னல். -100 சமாளிக்கும். -110 ஐத் தாண்டினால் பலவீனம், -120 இல் விட்டுவிடும்.

எண் நன்றாக இருந்தும் பின்னேரம் ஏழு மணிக்கு மட்டும் மெதுவென்றால் அது கூட்டம். போனில் எதை மாற்றியும் பயனில்லை. எண்ணே மோசமென்றால் இடத்தை மாற்றிப் பாருங்கள். எங்கள் ஊரின் அமைப்பு அப்படி: கோணேசர் மலைக்குப் பின்னாலும், உட்துறைமுகத்தைச் சுற்றிய மேடுகளுக்கு இடையிலும் டவர் நேரே தெரியாத மூலைகள் இருக்கின்றன. கொட்டியாரக் குடாவின் கரையில் இதற்கு எதிர்மாறு. நடுவில் தண்ணீர்தான், தடுக்க ஒன்றுமில்லை, அதனால் அக்கரை டவர் தூரத்திலிருந்தே பலமாகத் தெரியலாம். போன் அதையும் அருகில் உள்ளதையும் மாறி மாறிப் பிடித்துத் தடுமாறும். இப்படிப்பட்ட இடத்தில்தான் கையால் மாற்றும் வசதி உண்மையில் தேவைப்படுகிறது. கொழும்பில் நெருங்கி நிற்கும் டவர்களுக்கு நடுவே ‘தானியங்கியே போதும்’ என்று சொல்வது எளிது.

முறையிடும்போது “சிக்னல் இல்லை” என்று மட்டும் சொன்னால் “ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்” என்றுதான் பதில் வரும். இடம், சந்தியின் பெயர், மூன்று நாள் மூன்று நேரத்தில் எடுத்த ஆர்எஸ்ஆர்பி எண், போன் மாடல், வேறு சிம் போட்டபோது மெனுவில் என்ன தெரிந்தது, இவ்வளவையும் எழுதிவைத்துக்கொண்டு எடுங்கள். டயலொக்குக்கு 1777, மொபிட்டெலுக்கு 1717, ஹட்சுக்கு 1788. தமிழில் கதைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். முறைப்பாட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கொடுக்கலாம். ‘தெரிவை ஏன் மறைத்தீர்கள், திறந்து தர முடியுமா’ என்ற கேள்வியையும் அதில் சேருங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் அந்தக் கோப்பில் உள்ள ஒரு வரியை யாராவது திரும்பப் பார்ப்பார்கள்.

அம்மாவின் போன் இப்போது தானியங்கியில் இருக்கிறது. 2ஜி திறந்தே இருக்கிறது. தங்கையோடு கதைக்கும் நேரத்துக்கு மட்டும் வீட்டு வைஃபையைப் போட்டுக் கொடுக்கிறேன்.